கொல்கத்தா கேலரியில் நான் கத்தினது

பெற்றோர்களே... உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லணும்னு என்னை இந்த ஸ்கூல் மேடையில ஏத்திட்டாங்க. அதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ராஜா கதை இல்ல, மந்திரி கதை இல்ல. என் சொந்தக் கதை. வெக்கம் எனக்கு, சிரிப்பு உங்களுக்கு.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்க பக்கம் பிள்ளை ஒழுங்கா நடக்கிறதுக்கு முன்னாடி பந்தை உதைச்சிடும். என் மகன் பெர்ஜின் அப்படி உதைச்சு உதைச்சு, பத்தொன்பது வயசுல ஜில்லா டீமுக்கு வந்துட்டான். கொல்கத்தாவுல ஒரு போட்டின்னு கூப்பிட்டாங்க. நான் விடுவேனா? நானும் என் சிநேகிதன் கிளீட்டஸும் ஒரு மேளத்தைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ரயில் ஏறிட்டோம்.

கொல்கத்தா எப்பேர்ப்பட்ட ஊருங்க... வெள்ளைக்காரன் காலத்துல இந்தியா முழுசுக்கும் அதுதான் தலைநகரம். நடுரோட்டுல டிராம் வண்டி போகுது. ஒவ்வொரு கட்டடமும் கழுத்து வலிக்கப் பாக்க வைக்குது. நான் அங்க எப்படிப் போய் நின்னேன் தெரியுமா? என் அளவுக்கு ஜெர்சி கிடைக்கல. கிடைச்சதைப் போட்டேன். தொப்பை பாதி உள்ளே, பாதி வெளியே. மூஞ்சியில பச்சைச் சாயம். விக்டோரியா நினைவு மண்டபம் வெள்ளை வெளேர்னு நிக்குது. உள்ளே போய்ப் பாப்போம்னு கிளீட்டஸ் கெஞ்சுறான். நான் சொன்னேன், "அதுக்குள்ள கோல் போஸ்ட் இருக்கா? இல்லல்ல? அப்போ வா."

இன்னொரு சந்தோஷம் எனக்கு. அந்த ஊர்ல யாருக்கும் தமிழ் தெரியாது... அப்படின்னு நானே முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணினதும் வாய்க்கு இருந்த பூட்டு கழண்டுடுச்சு. டிராம்ல எதிர்ல இருந்தவரோட மீசையைப் பத்தி, சிரிச்ச முகமா, பத்து நிமிஷம் பேசினேன். அவரு பாவம், நான் மரியாதையா ஏதோ சொல்றேன்னு நினைச்சு கும்பிடு போட்டாரு.

மேட்ச் ஆரம்பிச்சது. எதிர்ல உள்ளூர் டீம். சின்ன கிரவுண்டு, மரப்பலகை கேலரி. கத்தினா ஆட்டக்காரன் காதுல விழும். முதல் பாதியில என் மகன் பறந்தான். அவன் அடிச்ச ரெண்டு பந்து கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. எனக்கோ பதட்டம். எழுந்து நின்னு கத்தினேன்.

"மக்கா, இடது கால்ல அடிக்காதல... உனக்கு இடது கால் வராது. வலதுக்கு மாத்து!"

ஒரு தடவையா? பந்து அவன்கிட்டப் போகும்போதெல்லாம். இது புதுசும் இல்ல. அவனுக்குப் பத்து வயசுல இருந்து நான் சொல்ற வசனம்தான்.

இரண்டாவது பாதியில பாக்குறேன், அவன் வலது பக்கத்துல ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டே ஓடுறாங்க. திரும்ப விடல. ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கு. பந்து உருண்டு வந்து அவன் இடது கால்ல நிக்குது. கோல்கீப்பர் தரையில கிடக்கான். கோல் காலியா இருக்கு. நான் கத்தினேன்... "வலதுக்கு மாத்து!" அவன் மாத்தினான். அந்த ஒரு நொடியில யாரோ ஒருத்தன் கால் வந்து பந்தைத் தட்டிட்டுப் போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல அவங்க ஒரு கோல் போட்டாங்க. முடிஞ்சது.

நான் தலையில கைவச்சு உக்காந்திருக்கேன். எதிர் டீம் பக்கத்துல இருந்து தோள்ல துண்டோட ஒருத்தர் வந்தாரு. கையைப் பிடிச்சாரு. "அண்ணாச்சி, நான் சௌந்தரபாண்டியன். விருதுநகர் பக்கம். இருபது வருசமா இந்த டீம் பசங்களுக்கு மசாஜ் பண்ணுதேன். நீங்க சொன்னதை எல்லாம் ஒண்ணு விடாம எங்க கோச்சுக்குச் சொல்லிட்டேன். ரொம்ப உபகாரம்."

அதாவது... என் கைக்காசுல டிக்கெட் எடுத்து, ரெண்டு நாள் ரயில்ல போய், எதிர் டீமுக்கு வேலை பாத்துட்டு வந்திருக்கேன்.

சிரிக்கிறீங்க. நானும் இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவேன். இனிமே சொல்றதுதான் கஷ்டம்.

மகன் புல்லுல உக்காந்து பூட்ஸ் கழட்டிக்கிட்டு இருந்தான். போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். அவன் நிமிந்துகூடப் பாக்கல. மெதுவா சொன்னான், "அவங்களுக்குச் சொன்னதால ஒண்ணும் இல்லப்பா. கோல் காலியாத்தானே கிடந்துச்சு, இடது கால்லயே தட்டியிருக்கலாம். நீங்க கத்தினது அவங்களுக்குப் புரிய ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு... எனக்கு நேராவே புரிஞ்சிடுச்சு."

மறுநாள் ரயிலுக்கு ஹௌரா பாலத்து மேல நடந்து போனோம். உலகமே பாக்க வர்ற பாலம். கீழே அவ்வளவு பெரிய ஆறு. நான் எதையும் பாக்கல. முன்னாடி நடந்து போற அவனோட இடது காலையே பாத்துக்கிட்டுப் போனேன். நல்ல கால்ங்க அது. ஒரு குறையும் இல்லாத கால்.

இப்போ அவன் துறைமுகத்துல வேலை பாக்குறான். ஞாயித்துக்கிழமை ஆடுறான். இடது கால்லயும் அடிக்கிறான். பாதிப் பந்து கடலுக்குப் போகுது. நான் வாயைத் திறக்கிறதில்ல. இதை ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

பெற்றோர்களே... ரேங்க் கார்டு வாங்க வந்திருக்கீங்க. இன்னைக்குக் காலையில, பக்கத்து நாற்காலிக்காரங்ககிட்ட எத்தனை பேர் சொன்னீங்க? இவனுக்குக் கணக்கு வராதுங்க... இவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராதுங்க... சொன்னீங்களா, இல்லையா? பக்கத்து நாற்காலிக்காரங்க வாசல் தாண்டினதும் மறந்துடுவாங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பிள்ளை மறக்குமா?

குறையே சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. ஆனா என்னை மாதிரி இருக்காதீங்க. ஒன்பது வருசம் இடது கால் வராது, வராதுன்னு சொன்னேனே... ஒரு சாயங்காலமாவது அந்தக் காலுக்குப் பந்தைப் போட்டுக் கொடுத்துப் பழக்கினேனா? எங்க வீட்டு வாசல்லயேதான் கடற்கரை இருக்கு. அதுவரைக்கும் நடக்க எனக்கு நேரம் இல்ல. கத்துறதுக்கு மட்டும், கொல்கத்தா வரைக்கும் போனேன்.