பூரணிக்குச் சொன்ன முடிவு

ஒரு படத்தின் முடிவுக்கு என்ன விலை போடலாம்? நான் இரண்டு ரூபா போட்டேன். எண்பத்தாறில், திருகோணமலைத் துறைமுகப் பக்கம், அது நியாயமான விலைதான்.

என் கடையின் பின்னறையில் வீடியோ ஓட்டினேன். பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் படம். ஒரு பொடியன் பழைய சாமான்களில் விளக்கு யந்திரம் செய்து வேற்றுக்கிரகத்தாரைக் கூப்பிடுகிறான். ஊரடங்குக்கு முன் பிள்ளைகள் வீடு சேரவேண்டும். ஆகவே கடைசிக் கட்டத்தை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. காசு வைத்தால் நான் வாயால் சொல்வேன்.

பக்கத்துக் கடை பாக்கியரத்தினத்தின் மகள் பூரணிக்குப் பதினொரு வயது. பிஸ்கட் தகரம், கார் பல்பு, பற்றரி, முகம் பார்க்கும் கண்ணாடி. படத்தில் கண்டதை அப்படியே செய்துவிட்டாள். எரிந்தது. கெட்டிக்காரி.

"மாமா, கடைசியில அவங்கள் வந்தவங்களோ?"

"ரெண்டு ரூபா."

"ஒண்டு தாறன். மிச்சத்தை அப்பாட்டக் கேளுங்கோ."

"கடையைக் கேட்டே தராத மனுசன், ஒரு ரூபா தருவாரோ?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று வருடமாக அந்தக் கடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் செத்தபிறகு வாங்குங்கோ, சோமண்ணை" என்பார் பாக்கியரத்தினம், தேத்தண்ணியை நீட்டியபடி.

உண்மையான முடிவில் யந்திரம் பழுதாகிறது. பொடியன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். அதை ஒரு பிள்ளைக்கு எப்படி விற்பது? கொஞ்சம் மெருகூட்டினேன். பொழுதுபட்டதும் கூரையில் ஏறி, விளக்கை அணைத்து அணைத்து எரிக்கிறான். வானத்தைப் பார்த்தல்ல, கடலைப் பார்த்து. அவர்கள் கடலால்தான் வருவார்கள் என்றேன்.

"துறைமுகப் பக்கமோ, மாமா?"

"ஓம். நேவிக் கப்பல் நிக்கிற பக்கம்."

அங்கே சிமிட்டும் விளக்கை யார் பார்ப்பார்கள் என்று இந்த ஊரில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்கும்தான்.

அன்று பொழுதுபட்டதும் பூரணியின் விளக்கு கூரையில் சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் நேவி ஜீப் வந்தது. பிள்ளையைத் தொடவில்லை. தகப்பனைத்தான் ஏற்றினார்கள். "அது விளையாட்டுச் சாமான், ஐயா! படத்தில பாத்துச் செய்தவள். சோமண்ணையைக் கேளுங்கோ!" என்று கத்தினார். என்னிடம் கேட்டார்கள். அப்படியொரு படம் நான் ஓட்டியதில்லை என்றேன். கவனியுங்கள், நான் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி நல்லம்மா விலை பேசாமல் கடையை எனக்கே தந்தாள். அன்றிலிருந்து மாதாமாதம் பதினைந்து கொத்து அரிசி அந்த வீட்டுக்கு அனுப்புகிறேன். பாக்கியரத்தினம் இருந்திருந்தால்கூட அதற்கு மேல் சாப்பிட்டிருக்கமாட்டார். கணக்கு நேர்.