சாட்சியில் வந்த சூரை

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பழங்காநத்தம் மீன் கடையில் வரிசை நீண்டுவிட்டது. எனக்கு முன்னால் பைபிளும் கூடையுமாக இரண்டு டீச்சர்கள் நின்றார்கள்.

“ஏன் டீச்சர், சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லும்போது யாராவது சூரை மீனுக்கு நன்றி சொல்லுவாங்களா? பாஸ்டரே சிரிச்சிட்டாரு.”

“சிரிக்கட்டும். எங்கண்ணன் கடலுக்குப் போறவரு. சூரை வரவரச் சிறுத்து, அப்புறம் அதுவும் இல்லாமப் போயி, போட்டை வித்துட்டு மதுரைக்கே வாரேன்னுட்டாரு.”

“அம்புட்டு மோசமா?”

“குஞ்சையெல்லாம் அள்ளுனா அப்புறம் எது முட்டை போடும்? கடைசியில அவங்க ஊரே கூடி, சின்னக் கண்ணி வலையே வேணாம்னு நிறுத்திட்டாங்க. ரெண்டு மூணு வருசம் வீட்ல சண்டையும் கஞ்சியும்தான். இப்போ சூரை திரும்பி வந்திருச்சு டீச்சர். நல்ல பெருசு பெருசா. அண்ணன் போன்ல அழுறாரு, நான் ஸ்டாஃப் ரூம்ல அழுறேன்.”

அதற்குள் கேள்வி கேட்ட டீச்சரின் முறை வந்துவிட்டது. கடைக்காரர் கேட்காமலே உள்ளங்கை நீளச் சூரைக் குட்டிகளை அள்ளித் தராசில் போட்டார்.

“அதை எடுத்துருங்கண்ணே. பெருசுல ரெண்டு துண்டு போடுங்க.”

“என்னக்கா, எப்பவும் முழுசாப் பொரிக்கக் குட்டிதான கேப்பீக? பெருசு வெலை கூட.”

“இருக்கட்டும். அது ஒரு தடவையாவது முட்டை போட்டிருக்கும்ல.”

சாட்சி சொன்ன டீச்சர் கூடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“அடுத்த வாரம் சாட்சியில உங்க பேரும் வருது டீச்சர்.”