சீனி வருத்தம்

ரீவியில் நீங்கள் பார்க்கும் பிட்டு சூடாக இருப்பதில்லை, ஐயா. வெளிச்சத்தைச் சரிபண்ணி, கமராவை நகர்த்தி, என் முகத்துக்கு மறுபடி பவுடர் போட்டு முடிவதற்குள் அது ஆறிக் கல்லாகிவிடும். அதனால் கோப்பைக்குப் பின்னால் ஒரு கேத்திலைக் கொதிக்க விடுவோம். பார்ப்பவர்களுக்குப் பிட்டில் இருந்துதான் ஆவி பறக்கும். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

தர்சிகாவைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன், ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் ரீவிக்குப் போன கதை தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும்.

நான் முறைப்படி படித்த உணவியலாளர். முதலில் கிளினிக்கில் இருந்தேன். ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் பழங்களின் படம். டொக்டர் அனுப்புகிற ஆட்கள் எதிரில் உட்கார்ந்து, நான் சொல்வதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, வாசலில் வடை வாங்கிக் கடித்தபடி போவார்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு உள்ளூர் ரீவி ஒன்றில் கால்மணி நேரம் கிடைத்தது. கிளினிக்கில் காற்றோடு போன அதே பேச்சைத்தான் அங்கேயும் பேசினேன். அடுத்த கிழமை சந்தையில் குரக்கன் மா விற்கிற மனுசி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். கோயிலில் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

'சீனியை வெல்லுவோம்' என்பது நிகழ்ச்சியின் பெயர், முழுக்க நீரிழிவுக்காரருக்கானது. கொழும்பில் ஒரு பெரிய சனல் அதை எடுத்து நாடு முழுவதும் காட்ட யோசித்தது. வெறும் பேச்சு அவர்களுக்குப் போதவில்லை.

"அக்கா, சனத்துக்குப் புத்தி சொன்னது காணும்," என்றான் என் தயாரிப்பாளர் கோபிசங்கர். "வருத்தம் மாறின ஒரு ஆளைக் காட்டுங்கோ."

முதலில் சாவகச்சேரித் தம்பிராசா அண்ணையைக் காட்டினோம். என் சாப்பாட்டில் அவருக்குச் சீனி அழகாக இறங்கியது. டொக்டரே குளிசையைக் குறைத்தார். ஆனால் மனுசன் தொடக்கத்திலும் தொப்பையோடு இருந்தார், முடிவிலும் தொப்பையோடு இருந்தார். போதாததற்குக் கமராவைப் பார்த்து ஏப்பம் விட்டார். கொழும்பில் இருந்து பேச்சுமூச்சில்லை.

அந்த நேரம்தான் நீர்வேலியில் இருந்து மகாதேவி என்பவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மகள்தான் தர்சிகா. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த நாள் தொடக்கம் ஊசியோடு வாழ்ந்தவள். விழுந்ததை ஊரே பார்த்தது. பிறகு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, முற்றாகும் தறுவாயில், ஊர் வாய் பட்டுக் குழம்பிப் போயிருந்தது.

"டொக்டர், இவளுக்குச் சீனி மாறீட்டுது எண்டு நீங்கள் ரீவியிலை ஒருக்காச் சொன்னால் காணும்," என்றார் தாய். "பிறகு ஆரும் வாய் திறக்கமாட்டினம்."

நான் டொக்டர் இல்லை என்று திருத்தினேன். அன்றைக்கு மட்டும்தான் திருத்தினேன்.

இங்கே ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். 'சீனி வருத்தம்' என்று எங்கள் ஊரில் ஒரு பெயர்தான். வருத்தமோ இரண்டு. தம்பிராசா அண்ணையுடையது சாப்பாட்டுக்கும் நடைக்கும் ஓரளவு அடங்குகிற வகை. தர்சிகாவுடையது அப்படியல்ல. அவளுடைய உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. ஊசியால் ஏறுவதுதான் அவளுக்கு உயிர். அதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். மகாதேவிக்கு அது தெரியாது, கோபிசங்கருக்கும் தெரியாது. சீனி வருத்தத்தைச் சாப்பாட்டால் வெல்லலாம் என்று நான் சொன்னேன். அதில் எந்தச் சொல் பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

குரக்கன், குறிஞ்சா வறை, பாவற்காய் என்று தொடங்கினோம். ஊசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பிறகு இன்னும் கொஞ்சம். அவள் மெலிந்தாள், கன்னம் ஒட்டியது, கண்கள் பெரிதாகத் தெரிந்தன. கமராவுக்கு அந்த முகம் நன்றாகப் பொருந்தியது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் அவளுக்காகக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள்.

எனக்கு அவளில் உண்மையாகவே பட்சம் இருந்தது. "நீங்களும் வீட்டிலை உந்தக் குரக்கனைத்தானோ சாப்பிடுறனீங்கள், அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் சோறு என்றேன். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

கொழும்புக்காரர் சம்மதித்தார்கள். கடைசிப் பகுதியில் அவள் தன் வாயால் "நான் இப்ப ஊசி போடுறேல்லை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் அதற்கு முந்திய பகுதியில் வீட்டில் இருந்த இன்சுலின் போத்தல்கள் எல்லாவற்றையும் கமராவுக்கு முன்னால் என் கையில் தரச் செய்தேன். தாய் கைதட்டினார்.

கடைசிப் பகுதி எடுக்கிற அன்று காலையில் மகாதேவி ரெலிபோன் எடுத்தார். பிள்ளை குடித்ததையெல்லாம் சத்தி எடுக்கிறாள், தண்ணி தண்ணியென்று கேட்கிறாள், ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டோ என்றார். "உடம்பு பழசு கழிஞ்சு புதுசுக்கு மாறேக்கை உப்பிடித்தான் இருக்கும். தேசிக்காய்த் தண்ணி குடுங்கோ, நாங்கள் வாறம்," என்றேன். ஆசுபத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அவர் சரியென்று ரெலிபோனை வைத்தார்.

நாங்கள் போனபோது அவளை விறாந்தையில் கதிரையில் இருத்தியிருந்தார்கள். ஓடிவந்தவள் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினாள். கோபிசங்கர் கமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டே, "வாழைத்தோட்டம் பக்கத்திலை இருக்கிறது நல்லதுதான், பழ வாசம் என்ன மாதிரி வருது," என்றான். அது தோட்டத்து வாசம் இல்லை. அவளுடைய மூச்சு. இன்சுலின் இல்லாமல் இரத்தம் நஞ்சாகும்போது வருகிற வாசம் அது, படித்தவர்களுக்குத் தெரியும். படத்தில் வாசம் வராது என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

மேசையில் வைத்துக் காட்டுவதற்காக அந்தப் போத்தல்களை ஐஸ் பெட்டியில் கொண்டு போயிருந்தேன். பெட்டியைக் கண்டதும் அவளுடைய கண் அதிலேயே நின்றது.

"அக்கா, ஒண்டு போடட்டோ? எனக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

யோசித்துப் பாருங்கள். ஊசியைப் போட்டுவிட்டு, போடுறேல்லை என்று அவள் சொன்னால் அது பொய். என் நிகழ்ச்சியில் யாரும் பொய் சொன்னது கிடையாது. சனம் என்னை நம்பியதற்கு அதுதான் காரணம்.

"படம் முடியட்டும், பிள்ளை," என்றேன்.

முதல் தடவை நாக்குக் குழறியது. அடுத்த தடவை பாதியில் தண்ணீர் கேட்டாள். அதன் பிறகு முழுவதையும் தெளிவாகச் சொன்னாள், கடைசியில் சிரிக்கவும் செய்தாள். கோபிசங்கர் நல்லது என்றான். அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

ஓட்டோவில் அவளுடைய தலை தாயின் மடியில் கிடந்தது. ஐஸ் பெட்டி என் மடியில் இருந்தது. ஆசுபத்திரி வாசலில் இறக்கியபோது அவள் உயிரோடு இல்லை. மகாதேவி என் கையை விடாமல், "டொக்டர், ஏதும் செய்யுங்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

செத்துப்போவாள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். படம் முடியும்வரை தாங்குவாள் என்று நினைத்தேன், அந்தக் கணக்கும் பிசகவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அந்த ஐஸ் பெட்டியை உங்கள் ஆட்கள் எடுத்துப் போனார்கள். தயவுசெய்து வெயில் படுகிற இடத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஒருநாளும் தவறாமல் ஐஸ் மாற்றி வந்தேன், மருந்து கொஞ்சமும் பழுதாகவில்லை. தர்சிகா மாதிரிப் பிள்ளைகள் கிளினிக்குக்கு வருவார்கள், அவர்களுக்குக் கொடுங்கள். அது இல்லாமல் அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்க முடியாது, ஐயா.