வலது ஷிஃப்ட், எட்டு நொடி

கெட்டுப்போய்விட்டது என்று என் கைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்குமேல் கெட்டே போயிருக்காது. யாரோ எதையோ தெரியாமல் அழுத்தியிருப்பார்கள், ஏதோ ஒரு செட்டிங் மாறியிருக்கும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அடுகோடியில் ஒரு கம்பெனியில் நானூறு பேருடைய மெஷின்களுக்கு நானும் இன்னொருவனும்தான். காலையில் உள்ளே நுழைந்ததும் "எத்திராஜ், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம் வரை முடியாது. மவுஸ் நகரவில்லை, சத்தம் வரவில்லை, திரை தலைகீழாகிவிட்டது என்பார்கள். நான் போய் செட்டிங்ஸில் ஒரு டிக்கை எடுத்துவிடுவேன், சரியாகிவிடும். யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். ஒரு டிக்குக்குப் போய் யார் நன்றி சொல்வார்கள்.

அம்ருதா மேடம், என் அக்கா பாகீரதியைப் பற்றி வீட்டில் கவனித்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, ஆனால் ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி தன் கையைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று கவலைப்பட்டீர்கள். டாக்டரிடம் மறைத்தால் வைத்தியம் பலிக்காது என்பார்கள். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீராம்புரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். வீட்டிலிருந்தபடியே வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு டைப் செய்து அனுப்ப வேண்டும். பதினாறு வருடம் செய்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அக்கா தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. திரையைக்கூடப் பார்க்கமாட்டாள். கண் ஜன்னலில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அக்காதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். அம்மா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அக்காவின் கம்ப்யூட்டரைத் துடைத்து, அப்டேட் போட்டுவிட்டு வருவேன்.

போன ஆகஸ்டில் கம்பெனியிலிருந்து அவளைச் சென்னைக்குக் கேட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தங்க அறையும் தருவார்களாம். டிசம்பரில் ஒப்புக்கு ஒரு நேர்முகம் இருக்கும் என்றாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு வருஷம் நான் பாத்துட்டேன் எத்தி. இனிமே ஒரு மூணு வருஷம் நீயும் சௌம்யாவும் பாத்துக்கங்கடா. அப்புறம் நானே வந்துடறேன். எனக்கும் ஒரு தடவை வேற ஊர்ல இருந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு."

அதட்டிக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் ஏதோ கடன் கேட்பவள் மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். நியாயமும் அவள் பக்கம். "ஆகட்டும்க்கா, அதுக்கென்ன" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. என் மனைவி சௌம்யா கால் சென்டரில் இருக்கிறாள், போகும் நேரம் வரும் நேரம் அவளுக்கே தெரியாது. அம்மாவைத் துடைத்துத் துணி மாற்றுவதை ஒரே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன். பெற்ற தாய்தான், இருந்தாலும் பாதியிலேயே அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன். மூன்று வருடம் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அக்கா போன் செய்தாள். டைப் செய்யும்போது எழுத்து விழுந்துபோகிறதாம். ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்றுதான் வருகிறதாம். ஒரு மாத்திரையின் அளவு ஐந்நூறு என்று அடித்தது ஐம்பது என்று போய்விட்டது. அடுத்த நிலையில் சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார். இவளுக்கு ஒரு எச்சரிக்கை மெயில் வந்தது. பதினாறு வருடத்தில் அப்படி வந்த முதல் மெயில் அதுதான் என்றாள்.

என் இடத்திலிருந்தே அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் வசதியை முன்பே போட்டு வைத்திருந்தேன். திறந்ததுமே தெரிந்துவிட்டது. கீபோர்டில் வலது பக்கம் இருக்கும் ஷிஃப்ட் பட்டனை எட்டு நொடி விடாமல் அழுத்தினால் திரையில் ஒரு கேள்வி வரும். சரி என்று தட்டிவிட்டால் ஒரு வசதி வேலை செய்ய ஆரம்பிக்கும். கை நடுங்குகிறவர்களுக்காக வைத்தது. ஒரே எழுத்தைச் சட்டென்று இரண்டு முறை தொட்டால், நடுக்கத்தில் பட்டிருக்கும் என்று இரண்டாவதை விழுங்கிவிடும். அம்மா கூப்பிட்டிருப்பாள். அக்கா விரலை எடுக்காமலே திரும்பி ஏதோ பதில் சொல்லியிருப்பாள், திரையில் வந்த கேள்வியைப் படிக்காமல் தட்டியிருப்பாள்.

ஒரு டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். எடுக்கத்தான் போனேன். அதற்குள் அவள் போனில், "மெஷின்ல ஏதாவது இருக்காடா, இல்ல எனக்கே ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள்.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். பிறகு, "மெஷின் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றேன்.

இதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும் மேடம். அன்றைக்கு நான் எதையும் மாற்றவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன். "நான் அடிச்சேன்டா. ரெண்டு சைபர் அடிச்சேன். என் விரலுக்குத் தெரியாதா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வயசாகிறது, தூக்கமும் இல்லை, அப்படித்தான் இருக்கும் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. மூன்று வருடமாக அவள் சரியாகத் தூங்கவில்லைதான்.

அதன்பிறகு கொஞ்சம் மாற்றினேன். அந்த வசதியை நான்கு நாள் வைப்பேன், மூன்று நாள் எடுத்துவிடுவேன். எப்போதும் இருந்தால் மெஷின் மேல் சந்தேகம் வந்துவிடும். விட்டு விட்டு வரும் கோளாறு இருக்கிறதே, அதை யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் தொழிலில் எல்லாரும் பட்ட அவஸ்தை இது. டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டினேன், எதைத் திறக்கப்போனாலும் நாலைந்து தடவை தட்ட வேண்டியிருந்தது. ஃபைல்கள் போய்ச் சேரும் இடத்தை மாற்றினேன், காலையில் சேமித்ததை மத்தியானம் தேடுவாள். அழைத்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுப்பேன். "எங்கடா இருந்துச்சு?" என்பாள். "நீ வெச்ச இடத்துலதான்க்கா" என்பேன்.

வைரஸ் எதுவும் போடவில்லை. எல்லாம் யாருக்கோ உதவியாக இருக்கட்டும் என்று செட்டிங்ஸில் வைத்தவைதான். அவள் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைப்பது, சாவியை இடம் மாற்றுவது இந்த மாதிரி வேலையெல்லாம் நான் செய்யவில்லை. ஒரு முறை தோன்றியது, சீ என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்கு வெளியே எதையும் நான் தொட்டதில்லை.

அவளுக்கு என் மேல் பிரியம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை போனால் எனக்காகப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்திருப்பாள். "பாவம்டா நீ, வாரம் பூரா ஊர் மெஷினைப் பாத்துட்டு, லீவுலயும் இந்தப் பைத்தியத்துக்காக அலையறே" என்பாள். சாப்பிட எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை நேர்முகம். கம்ப்யூட்டரிலேயே பேசுவதுதான். எத்தனை மணிக்கு என்பது மெயிலில் வரும் அழைப்பில்தான் இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அது வருவதற்கு முன்பே அவள் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை டாக்காவுக்கு மாற்றினேன். அங்கே நம்மைவிட அரை மணி முன்னால். திரையின் மூலையில் தெரியும் மணியை மட்டும் கையால் அரை மணி பின்னுக்குத் தள்ளி நம் மணிக்கு வைத்தேன். அதனால் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். பதினொரு மணி என்று அவர்கள் அனுப்பிய அழைப்பு மட்டும் பதினொன்றரை என்று காட்டும். அவள் சுவர்க் காலண்டரில் பதினொன்றரை என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டு வைத்தாள். போனில் மெயில் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை, எழுத்து சின்னதாக இருக்கிறது என்பாள்.

அன்று பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டாளாம். பக்கத்து வீட்டு ஜெயலட்சுமியை அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, பதினொன்று இருபத்தைந்துக்கே உள்ளே போய்க் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மெயில் வந்தது: பதினொரு மணியிலிருந்து இருபது நிமிடம் காத்திருந்தோம், நீங்கள் வரவில்லை. அவள் பழைய அழைப்பைத் திறந்து பார்த்தாள். அதற்குள் நான் ஆபீஸிலிருந்து நேர மண்டலத்தையும் மணியையும் பழையபடி வைத்துவிட்டிருந்தேன். பதினொன்று என்று தெளிவாக இருந்தது.

அவள் எனக்குப் போன் செய்யவில்லை. ஜெயலட்சுமிதான் செய்தாள். "உங்க அக்கா காலண்டரையும் கம்ப்யூட்டரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டே நிக்கிறாங்க. கூப்பிட்டாலும் திரும்பல. ஸ்வல்ப, கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க." எனக்கு அன்று வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கம்பெனி நல்ல கம்பெனி. பழைய ஆள் என்று இன்னொரு தேதி தருகிறோம் என்றார்கள். அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சென்னைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு என்றாள். பொங்கல் கழித்து, இருந்த வேலையையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அன்றே அவள் கம்ப்யூட்டரில் நான் வைத்திருந்த அத்தனையையும் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைக்கப் பயப்படுகிறாள், ஜெயலட்சுமி வந்து பற்றவைக்க வேண்டும். அம்மாவின் மாத்திரையைத் தன் கையால் எடுப்பதில்லை, ஐந்நூறை ஐம்பதாகக் கொடுத்துவிடுவேனோ என்று அழுகிறாள். நான்தான் வாரத்துக்கு மூன்று முறை போய்ப் பிரித்துவைத்துவிட்டு வருகிறேன். தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வீடு இதுதானா என்று வாசலில் நின்று கேட்டாளாம். எனக்கு முன்பைவிட அலைச்சல் அதிகமாகிவிட்டது. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆகஸ்ட் முதல் பொங்கல் வரை அவள் செய்த தவறுகள் அவளுடையவை இல்லை. முதலாவது தானாக வந்தது. மற்றவற்றை நான் வைத்தேன். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். தாங்கமாட்டாள், தவிர, வீட்டில் அவள் நம்புவது என் ஒருவனைத்தான்.

இதை நான் எழுதாமலே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததால்தான் எழுதுகிறேன். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பழைய பதிவு ஒன்றைப் போட்டு, டைப் செய்யச் சொன்னேன். வேண்டாம் என்றாள். எனக்காக என்றதும் செய்தாள். ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. விழுந்ததோ இல்லையோ என்று ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை, மூன்று முறை அழுத்தினாள். திரை முழுக்க எழுத்துகள் இரண்டிரண்டாக நின்றன. "சரியா இருக்காடா? நீயே பாத்துச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

நான் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக மூன்று முறை பார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை. மெஷினில் ஒரு குறையும் கிடையாது. அதனால் அந்த ஸ்கேனை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள் மேடம், நீங்கள் அவளுக்குத் தரும் மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். அக்காவுக்கு இந்த நோய் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. நல்லவேளை, நான் அவளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பவில்லை.