நம் சூரியனுக்கொரு நாட்காட்டி

அவைக்குத் தலைமை தாங்கும் ஆசிரியர் மகாதேவன் அவர்களே! தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, என்னோடு மட்டும் எட்டு மாதமாக ஓயாமல் வழக்காடிவரும் பெருந்தகையே! கோயில் சபையின் மூத்தோரே! நம் ஊர் ரிவியேர் தே ஸாங்கீய் தந்த தாய்மார்களே! பக்கத்து ஊர் சுயாக்கிலிருந்து கடைசிப் பேருந்தைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் அன்பர்களே! வீரசாமி வணங்குகிறேன்.

நாளைக் காலை நம் கோயில் நாட்காட்டி அச்சுக்குப் போகிறது. போகப் போவது எது? சென்னை நாட்காட்டியின் நகலா? நம் மண்ணுக்கென்று கணித்த நாட்காட்டியா? அதை முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தோராண்டு ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவனுக்குப் பத்து நிமிடம்! போகட்டும்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நடந்ததை மறந்தீர்களா? நாட்காட்டியில் வியாழக்கிழமை சஷ்டி என்று போட்டிருந்தார்கள். நம் கமலாட்சி அம்மாள் வியாழனன்று நீர்கூட அருந்தாமல் விரதமிருந்தார். சென்னையில் அன்று காலை ஆறு நாற்பது வரை சஷ்டி. சூரியன் எழும்போது எந்தத் திதியோ, அதுவே அந்த நாளின் திதி; அங்கே அதற்குள் சூரியன் எழுந்துவிட்டது. ஒன்றரை மணி பின்தங்கிய நம் தீவிலோ அந்த ஆறு நாற்பது, ஐந்து பத்து! ஐந்து பத்துக்கு இங்கே சூரியன் எழுந்ததா? கோழியாவது எழுந்ததா? சஷ்டி போன பிறகு சஷ்டி விரதம்! மகன் உடல் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய், நாள் தவறியது தெரிந்து கோயில் வாசலில் அழுதார். அந்தக் கண்ணீருக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்தீர்கள்.

அதனால்தான் கணினி வாங்கினேன்.

சுயாக் பக்கத்து ஓட்டல் ஒன்று தன் பழைய கணினியை விற்றது. வாங்கி வந்து துடைத்து வைத்தேன். புரோகிராம் எழுதும் கருவிகள் ஒன்பது பிளாப்பி வட்டுகளில் வந்தன. விளக்கப் புத்தகமோ பிரெஞ்சில். ஒன்றைப் போட்டால் இரண்டைக் கேட்கிறது. இரண்டைப் போட்டால் மீண்டும் ஒன்றைக் கேட்கிறது. ஏன்? தெரியாது. கருவிகள் எந்த அறையில் இருக்கின்றன என்று முதலில் அதற்கு எழுதிக் காட்ட வேண்டுமாம். தானே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது, வைத்த இடம் தனக்கே தெரியாதா? இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

என்ன சொல்கிறீர், பொன்னுசாமி? "ஒன்றரை மணியைக் கழிக்க விரல் போதாதா?" என்கிறீரா? ஒரு நாளைக்கு விரல் போதும், ஐயா! முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் திதி, நட்சத்திரம், நம் ஊர்ச் சூரிய உதயம் மூன்றையும் பொருத்த உமக்கு எத்தனை விரல்? உட்காரும்.

எழுதினேன். எட்டு மாதம் எழுதினேன். எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்ற ஒரு கருவி. அந்தக் கருவியை ஏவ இன்னொரு கருவி. அதற்கு நான் சர்தார் என்று பெயர் வைத்தேன். கரும்புத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் சர்தாரைப் போலவே அது தன் கையால் ஒரு வேலையும் செய்யாது. "புதிதாக எழுதியது உண்டா?" என்று பார்க்கும். உண்டென்றால் ஆளை ஏவும். இல்லையென்றால் "வேலை இல்லை" என்று அறிவித்துவிட்டு அமர்ந்துகொள்ளும்.

என் கணக்கில் பிழை வந்தால் திருத்தித் தருபவர் மிஸ் எவெலின். சந்தைக்கு அப்பால் தையல் ஆலையில் கணினி பார்ப்பவர். அதோ, கதவோரம் நிற்கிறார். பிளாப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடுவேன். அவர் தம் கணினியில் திருத்துவார். வீட்டுக்கு ஓடிவந்து போடுவேன். சர்தார் சொல்லும்: "வேலை இல்லை." பழைய விடையே வரும்!

திருத்தியது கண்ணுக்குத் தெரிகிறது, விடையில் தெரியவில்லை. இது என்ன மாயம்? ஒரு நாள் மழை. சந்தைக் கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகுதான் எவெலினிடம் போனேன். அன்று சர்தார் துள்ளியெழுந்து வேலை செய்தது! மறுநாள் ஓடினேன், மறுபடியும் "வேலை இல்லை." ஓடினால் பொய், ஊர்ந்தால் மெய்! உலகில் எந்த இயந்திரம் மனிதன் நடக்கும் வேகத்தைப் பார்த்து வேலை செய்யும்? ராகு காலமோ என்று நினைத்தேன். ராகு காலம் கழித்துப் போனேன், எமகண்டம் கழித்துப் போனேன். சர்தார் அசையவில்லை.

அந்தக் குழப்பத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பத்து மணிக்குத் தலைவரும் சபையாரும் என் வீட்டுக்குச் சோதிக்க வருகிறார்கள். ஒன்பதுக்கு ஓட்டிப் பார்த்தேன், பிழை. ஓடினேன். எவெலின் திருத்தினார். ஓடிவந்தேன். சபையார் முன்னிலையில் அந்த ஐப்பசிச் சஷ்டியின் கிழமையைக் கேட்டு விசையைத் தட்டினேன். வியாழன்! மறுபடியும் அதே வியாழன்! தலைவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இதுக்குத்தான் சென்னையிலேருந்து அச்சடிச்சே வருதே?" என்றார். சிரித்தவர்கள் பெயர் எல்லாம் என் நினைவில் இருக்கின்றன.

அன்று மாலையே சினத்தில் இதே மேடையில் ஏறி, எவெலின் திருத்தவே இல்லை, என்னை ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். சொன்னேன், மறுக்கவில்லை.

மறுநாள் மாலை அவரே என் வீட்டுக்கு வந்தார். கோபிக்கவில்லை. கணினி முன் அமர்ந்து எதையோ தட்டினார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் தீவின் கிரியோல் பேச்சில் அவர் கேட்டதை, மாமா என்று பொருள்படும் 'தொந்தோன்' தவிர, தமிழில் தருகிறேன்:

"தொந்தோன், இப்ப மணி நாலு. உங்க பெட்டியில அஞ்சரை. நீங்க எந்த நாட்டுல இருக்கீங்க?"

"பஞ்சாங்கம் சென்னைக் கணக்கு. அதனால பெட்டிக்கும் சென்னை மணிதான் வச்சேன். அதுல என்ன தப்பு?"

"அய்யோ, தொந்தோன்! நேத்து ஒன்பது மணிக்கு நீங்க செஞ்சதைப் பெட்டி பத்தரைன்னு எழுதி வச்சிருக்கு. ஒன்பதேகாலுக்கு நான் திருத்தினது ஒன்பதேகால்னு வருது. உங்க சர்தார் அந்த ரெண்டு மணியத்தான் ஒத்துப் பாக்குது. எது பழசு, சொல்லுங்க?"

என் மனைவி அலமேலு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அந்தப் பொண்ணு சொல்றதக் கேளு! வீட்டுக்கு ஒரு மணி, பெட்டிக்கு ஒரு மணி. நான் எந்த மணிக்குச் சோறு வைக்க?"

கேட்டீர்களா, அன்பர்களே! புதிய திருத்தம் பழையதாகத் தோன்றியது. பழைய பிழை புதியதாகத் தோன்றியது. ஒன்றரை மணிக்கு மேல் தாமதித்தால் மட்டுமே உண்மை வென்றது. ஒரு கருவி எதற்காகக் கடிகாரத்தை நம்பி வேலை செய்ய வேண்டும் என்பது எனக்கு இன்னமும் புரியவில்லை. இரண்டு நாள் நான் மணியை மாற்றவும் இல்லை. மூன்றாம் நாள் மாற்றினேன். அன்றிலிருந்து சர்தார் ஒரு முறைகூட மறுக்கவில்லை.

மிஸ் எவெலின், நான் சொன்னது தவறு. மேடையில் சொன்னதை மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். கை தட்டாதீர்கள்; எனக்குப் பிடிக்காது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கிழவன் ஒரு பெட்டிக்குச் சென்னை மணி வைத்தான், எட்டு மாதம் தடுமாறினான், சிரித்தீர்கள். ஓர் ஊரே சென்னை மணியில் விரதமிருக்கிறதே, அதற்கு யார் சிரிப்பது? நம் முன்னோர் கப்பலில் வந்தபோது சூரியனையும் சேர்த்தா மூட்டை கட்டி வந்தார்கள்? வேல் அங்கிருந்து வரட்டும்! வேதம் அங்கிருந்து வரட்டும்! பாட்டு வரட்டும், பண் வரட்டும், பட்டு வரட்டும்! விடியல் மட்டும் இங்கே, இந்தக் கரும்புக் காட்டின் மேல்தானே வருகிறது! முருகன் இந்த மண்ணுக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவனுக்கு இங்கே மணி என்ன என்று தெரியாதா?

நான் கணித்த நாட்காட்டி இந்தக் காகிதத்தில் இருக்கிறது; இதை நம்ப வேண்டாம். என் பெட்டியையும் நம்ப வேண்டாம். தலைவரை நம்புவீர்கள் அல்லவா? ஐயா, இதோ சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம். இதோ நம் துறைமுகத்தார் வெளியிட்ட சூரிய உதய நேரம். இதோ பென்சில். அந்த ஐப்பசிச் சஷ்டி இந்த ஊரில் எந்தக் கிழமை? நீங்களே கணித்துச் சொல்லுங்கள். அதன் பிறகு எந்த நாட்காட்டியை வேண்டுமானாலும் அச்சுக்கு அனுப்புங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

கணிக்கிறார். அமைதி, பொன்னுசாமி. கணிக்கட்டும்.

என்ன, ஐயா?

புதன் என்கிறார்! தலைவர் அவர்களே, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கமலாட்சி அம்மாள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் காதில் விழவேண்டும்.

கேட்டதா, அம்மா? தவறியது நீங்கள் அல்ல.

என் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. என் நாட்காட்டிக் காகிதம் தலைவரின் மேசையில் இருக்கிறது. நாளை அச்சுக்கு எடுத்துப்போகும் தம் பையில் அவர் அதை மடித்து வைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையிழந்து கேட்ட பொன்னுசாமிக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வீரசாமியின் வணக்கம்.