பதினோராவது இணைப்பு

பெயர்: பூவரசன். தந்தை பெயர்: காத்தான். வயது: 43. தொழில்: நித்யமல்லி மருத்துவமனையில் கணினிப் பிரிவு மேலாளர். விலாசம்: கதவு எண் 14/3, மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 6. நாள்: 11.06.2025, புதன்கிழமை, காலை 11.15 மணி. திருச்சிராப்பள்ளி நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி யமுனாவுடன் வசித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே எதிராகப் பயன்படும் என்றும் தாங்கள் சொன்னது எனக்கு விளங்கியது. என்னை யாரும் மிரட்டவில்லை. மருத்துவமனையில் யாருக்கும் நான் இங்கே வந்திருப்பது தெரியாது. யமுனாவுக்கு மட்டும் தெரியும், அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்தகம், வார்டுகள், பில்லிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று ஒன்றின் தகவலை வாங்கி மற்றதற்குக் கொடுக்கிற மென்பொருளை இணைப்பு மென்பொருள் என்கிறோம். சென்ற ஆண்டு அக்டோபரில் அப்படி ஒன்றை வாங்கச் சொல்லி நிர்வாக அதிகாரி ஜெபராஜ் அவர்கள் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். நான் நான்கு வழிகளை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதினேன். ஒரு கம்பெனி எத்தனை இணைப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்குப் பதினெட்டு லட்சம் கேட்டது. இன்னொன்று கணினிகளை எண்ணிக் காசு கேட்டது. உரிமக் கட்டணமே இல்லாத ஒன்றும் இருந்தது, ஆனால் அதைக் கட்டி மேய்க்க இரண்டு ஆட்களை வேலைக்கு எடுக்க வேண்டும். நான்காவது கம்பெனி பத்து இணைப்புக்கு ஆண்டுக்கு நான்கு லட்சம் என்றது. காந்தி மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறவன் மாதிரி பேசி, அதையும் மூன்றரைக்குக் கொண்டுவந்தேன். ஜெபராஜ் அவர்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு எண்ணிப் பார்த்தபோது எங்களுக்குப் பதினோரு இணைப்பு தேவைப்பட்டது. பதினோராவதைத் தனியாகத் தர மாட்டோம், ஐந்து சேர்த்துத்தான் வாங்க வேண்டும், அதற்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒன்றுக்காக ஐந்தா என்று எனக்கு மனசு வரவில்லை. பாராட்டு வாங்கிய கையோடு மறுபடி போய்க் காசு கேட்கவும் வெட்கமாக இருந்தது. ஆகவே எதை விடலாம் என்று பார்த்தேன். பன்னிரண்டு படுக்கை மட்டுமே உள்ள டயாலிசிஸ் வார்டுதான் இருப்பதிலேயே சின்னது. அந்த வார்டுக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் உள்ள இணைப்பை, கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் தொண்ணூறு நாள் சோதனை உரிமத்தில் ஓட்டினேன். அதைப் பதிவு செய்ய என் மெயில் முகவரியைக் கொடுத்தால் விற்பனை ஆட்கள் போன் போட்டு உயிரை எடுப்பார்கள் என்று, புதிதாக ஒரு முகவரி உண்டாக்கிக் கொடுத்தேன். அதை அதன் பிறகு நான் திறக்கவே இல்லை. உரிமம் தொடங்கிய நாள் 06.01.2025. பிப்ரவரியில் ஐந்து இணைப்பு வாங்கக் குறிப்பு வைத்தேன். 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்று ஜெபராஜ் அவர்கள் எழுதித் திருப்பினார். நானும் வற்புறுத்தவில்லை.

அதுவரை எங்கள் மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான எண் வந்தால் பரிசோதனைக் கூடத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்வார்கள், வார்டு சிஸ்டர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதுவார். புது மென்பொருளால் என்ன லாபம் என்று காட்ட வேண்டியிருந்ததால், இனி போன் வேண்டாம், ஆபத்தான முடிவு திரையில் சிவப்பில் வரும், ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு வராவிட்டால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை தயார் செய்தேன். கையெழுத்து மேலே உள்ளவர்கள் போட்டது. வாசகம் முழுவதும் என்னுடையது.

சோதனை உரிமம் 06.04.2025 ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. முடியப்போகிறது என்று கம்பெனி அனுப்பிய எச்சரிக்கை மெயில் நான் திறக்காத அந்த முகவரிக்கே போயிருந்தது. அது முடிந்ததும் இணைப்பு சத்தமில்லாமல் நின்றது. இணைப்பு இல்லை என்று வார்டுத் திரை சொல்லாது. 'கவனிக்க வேண்டிய முடிவுகள்: இல்லை' என்று மட்டும் காட்டும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்தனிஸ்லாஸ் என்பவர், வயது 63, கால் இரண்டும் துவள்கிறது என்று டயாலிசிஸ் வார்டுக்குத் தனியாக வந்தார். அவருக்கு மறுநாள்தான் டயாலிசிஸ். பணியில் இருந்த சிஸ்டர் லூர்துராணி மருத்துவர் சொன்னபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். 11.40க்குப் பொட்டாசியம் 7.4 என்று முடிவு வந்தது. ஆறரையைத் தாண்டினாலே இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று மருத்துவர்கள் எனக்குப் பின்னால் சொன்னார்கள். பரிசோதனைக் கூடத்தில் இருந்த வஹீதா அதை அனுப்பினார், அவர் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. பரிசோதனைக் கூடத்தை விட்டுப் போனாலே அப்படித்தான் வரும், வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது. "போன் மேல கைய வெச்சுட்டேன் சார், உங்க சர்க்குலர் ஞாபகம் வந்துச்சு, கைய எடுத்துட்டேன்" என்று வஹீதா என்னிடம் பிறகு சொன்னார்.

லூர்துராணி ஒரு மணி நேரம் அல்ல, ஒன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறார். சிவப்பு வரவில்லை. "ஒண்ணும் இல்லைங்கய்யா, வீட்டுக்குப் போயி சாப்பிட்டுப் படுங்க, நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்று சொல்லி, டவுன் பஸ் நிற்கும் இடம் வரை ஒரு ஆயாவைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார். ஸ்தனிஸ்லாஸ் அன்று மாலை நான்கு மணி சுமாருக்குத் தம் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார்.

08.04.2025 காலையில் அவருடைய மகள் பிரான்சி வார்டுக்குப் போன் செய்து, அப்பா இனி வரமாட்டார் என்று சொன்னார். அதன் பிறகு வஹீதா பதறிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பார்த்தபோது உரிமம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜெபராஜ் அவர்களிடம் ஓடினேன். அவர் பிப்ரவரியில் திருப்பிய அதே குறிப்பில் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். எதற்கு அவசரம் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். பகல் 12.10க்குப் புது உரிமத்தை ஏற்றிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன்.

இரண்டு நாளாகத் தேங்கிக் கிடந்த முப்பத்தொரு முடிவுகளும் ஒன்றன் பின் ஒன்றாக வார்டுத் திரையில் வந்தன. அதில் ஒன்று சிவப்பு. ஸ்தனிஸ்லாஸ், பொட்டாசியம் 7.4, உடனே மருத்துவருக்குத் தெரிவிக்கவும் என்று இருந்தது. கணினி கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது நிற்கும். லூர்துராணி ஒரு நோயாளியின் கையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "என்ன சார் அது?" என்றார். நான் பொத்தானை அழுத்தினேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர், பழசு" என்றேன். அந்த எண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயத்தைத் தவிர அப்போது எனக்குள் வேறு எதுவும் இல்லை. அந்தக் கணினி காலையில் பணிக்கு வந்த லூர்துராணியின் பெயரில் திறந்திருந்தது. ஆகவே நான் அழுத்தியது அவர் பெயரில் பதிவானது.

அதன் பிறகு பிரான்சி போலீசில் புகார் கொடுத்தார். மருத்துவமனை ஒரு பக்கத் தாளை அச்செடுத்துக் கொடுத்தது. அதில் முடிவு வந்த நேரம் 07.04.2025, 11.40 என்றும், பார்த்தவர் லூர்துராணி என்றும் இருக்கும். பார்த்த நேரம் அந்தத் தாளில் வராது, அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது, அதைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "கேட்டதை மட்டும் குடுங்க பூவரசன்" என்று ஜெபராஜ் அவர்கள் சொன்னார். கேட்டதை மட்டும் கொடுத்தேன். முடிவைப் பார்த்தும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினார் என்று லூர்துராணி கைதாகி ஜாமீனில் வந்தார், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அவரும் ஸ்தனிஸ்லாஸ் குடும்பமும் பொன்மலையில் ஒரே பங்கு, ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை அவர் விட்டுவிட்டதாக வஹீதா சொன்னார்.

இரண்டு மாதம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று தாங்கள் கேட்டீர்கள். வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன் என்ற பயம்தான், வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. இந்த நிலையில் 08.06.2025 ஞாயிற்றுக்கிழமை பகலில் லூர்துராணி எனக்குப் போன் செய்தார். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். திட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "சார், கம்ப்யூட்டர் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நான் அன்னைக்கு அத அழுத்தினேனா? எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. பாத்துட்டுத்தான் அவர அனுப்பிட்டேனோன்னு இப்பல்லாம் தோணுது சார்" என்றார். "பார்த்துச் சொல்றேன் சிஸ்டர்" என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன், இதன் நகல் ஒன்றை அவருக்குக் கொடுக்கவும் வேண்டுகிறேன். 07.04.2025 அன்று அவர் திரைக்கு எந்த முடிவும் வரவில்லை. அவர் எதையும் பார்க்கவில்லை, எதையும் மறக்கவில்லை. மறுநாள் பகல் 12.14க்கு அந்தப் பொத்தானை அழுத்தியது நான். நேரப் பதிவின் நகலை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

நான் சொன்னதை எழுதியபடியே எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் 'தவறுதலாக அழுத்தினேன்' என்று இருந்ததை, 'அழுத்தினேன்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றவை நான் சொன்னவையே, உண்மையே.

(ஒப்பம்)
கா. பூவரசன்