லாங் ஐலண்டில் அப்பாவின் குளிர்காலம்

— பேச்சை மாத்தாதீங்கப்பா. நேத்து ரோட்டுல மயங்கி விழுந்தீங்களாமே? உங்க பக்கத்து வீட்டு ரவிக்குமார் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியுது.

— அரே, அவன் வாய்ல எதுவும் நிக்காது. விழல சுதா, உக்காந்தேன். சுகர் கொஞ்சம் இறங்கிருச்சு, அவ்வளவுதான்.

— எழுபது வயசுல அந்தமான்ல தனியா ஒரு தீவுல உக்காந்துக்கிட்டு 'அவ்வளவுதான்'ங்கிறீங்க!

— யாரு தனியா? டீக்கு நான் வரலேன்னதும் ஒச்சம்மாக்கா கடையை அப்படியே போட்டுட்டுத் தேடி வந்திருச்சு. என் சட்டைப்பையில கையை விட்டு குளுக்கோஸை எடுத்து வாயில கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் விட்டுச்சு. பையில குளுக்கோஸ் இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? போட்டை விட்டு இறங்கின அன்னைக்கே காட்டி வச்சிருக்கேன்ல.

— இது சின்னது. பெரிசா ஏதாவது ஆனா?

— போர்ட் பிளேயருக்குத் தூக்கிட்டுப் போக இன்சூரன்ஸ் இருக்கு. மாத்திரையை ரெண்டு பையில பிரிச்சு வச்சிருக்கேன். பாஸ்போர்ட் காப்பி ரவி வீட்டுல. கனடா வர்றதுக்கு முன்னாடி போர்ட் பிளேயர்ல ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல கப்பலுக்குக் கயிறு கட்டினவன்டா நான். காத்தடிக்கிற வரைக்கும் கயிறு கட்டாம காத்திருக்க மாட்டேன்.

— முதலை?

— மகர் இருக்குற பக்கம் போர்டு வச்சிருக்கான். அந்தத் தண்ணியில நான் காலே நனைக்கிறதில்ல. போதுமா?

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. ப்ளீஸ்ப்பா, டொரண்டோவுக்கு வந்துருங்க. இந்த வாரமே டிக்கெட் போடுறேன்.

— ஜனவரியிலயா? பாகல் ஹோ க்யா, பைத்தியமா உனக்கு! அந்தக் குளிருல ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க வந்ததுல இருந்து முட்டி வலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு. போன வாரம் கடற்கரை வரைக்கும் நடந்து போய் மீன் வாங்கிட்டு வந்தேன், தெரியுமா? பனி கரையட்டும், மார்ச்ல வர்றேன்.

— மார்ச் வேணாம்ப்பா. இப்பவே வாங்க.

— ஏன்டா அழுற? பாரு, கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு இங்க ஒண்ணும் ஆகாது.

— தெரியும்ப்பா. உங்களுக்காக நான் கூப்பிடல. திங்கக்கிழமை பனியில வழுக்கி விழுந்து கால் உடைஞ்சிருச்சு. கட்டோட வீட்டுல கிடக்கேன். இந்த பில்டிங்ல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.